முதுகில் வைத்த புள்ளி

ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார் மனுஷன். வீடே ஆடிப்போனது. போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம். வேலைக்குக் கிளம்பி, ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டே கார்ப் பெயிண்டர் தன் மனைவியிடம், அதாவது நம்ம அக்காவிடம், சொன்னார்:

"அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்துல நான் ஒரு புள்ளி வெச்சிட்டேன்மா."

சொன்ன கையோடு ஓடிவிடலாம் என்றுதான் முன்கூட்டியே செருப்பை மாட்டியிருந்தார். அக்காவிடம் அதெல்லாம் நடக்குமா? கதவைச் சாத்தி, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ளி?"

"சின்னதுதான். கடுகை விடச் சின்னது."

"எதால வெச்சீங்க?"

"டச்சப் பேனால." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். காரில் விழும் சின்னக் கீறல்களை மறைக்கிற கறுப்புப் பேனா அது. தூங்கும்போது மட்டும்தான் அவர் பையில் இருக்காது.

அக்கா கதவை விட்டு வந்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வீட்டின் பின்னறைதான் தொழிற்சாலை. பழைய காமிக்ஸ் புத்தகங்களைச் சேகரிப்பவர்கள் அவளிடம் கொடுப்பார்கள். அவள் தூசி எடுத்து, மடிந்த மூலையை நிமிர்த்தி, அளவான சூட்டில் அழுத்தி, கிரேடிங் கம்பெனிக்கு அனுப்புவாள். அங்கே இருப்பவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பத்துக்குப் பத்து என்பது கனவிலும் வராது. ஒன்பது புள்ளி எட்டு வந்தால் மொட்டை மாடிக்கு ஏறிக் கத்தலாம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. புத்தகத்தின் முதுகில், அதாவது மடிப்போரத்தில், ஒரு இடத்தில் கறுப்பு உரிந்து வெள்ளை தெரிந்தால் கொஞ்சம் மார்க்கைக் குறைப்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த வெள்ளையை யாராவது மை வைத்து மறைத்திருந்தால் தொலைந்தது. வேறு நிறத்தில் லேபிள் ஒட்டி, 'கைவைத்த புத்தகம்' என்று சாசுவதமாக முத்திரை குத்திவிடுவார்கள். காயத்தை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்கவே மாட்டார்கள்.

சரி, யாருடைய புத்தகம் அது? அக்காவின் தம்பியுடையது. அதுதான் வினையே.

தம்பி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். கட்டைப் பிரம்மச்சாரி. சில வருஷங்களுக்கு முன்னால், அக்கா இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தபோது, அவன் உயிராக வைத்திருந்த பச்சை அட்டைப் புத்தகத்தை நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று சூட்டைக் கூட்டிவிட்டாள். அட்டை நெளிந்து, ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழன்றே வந்துவிட்டது. அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சாப்பிட்டியா", "உடம்பு எப்படி இருக்கு" என்கிற அளவில் பேச்சைச் சுருக்கிக்கொண்டான். அந்தத் தம்பிதான் போன மழைக்காலத்தில் தானாக வந்து, கறுப்பு அட்டையை மேஜைமேல் வைத்து, "நீயே பண்ணுக்கா" என்றான். அன்றைக்கு அக்கா சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது அந்தப் புத்தகத்தில் பெயிண்டரின் புள்ளி. மார்க் தெரிகிற நாளும் இன்றைக்குத்தான்.

"எப்போ வெச்சீங்க?"

"நீ அனுப்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. கடையை மூடிட்டு வந்தேன். பசி. மேஜைமேல இது கிடந்துச்சு. எடுத்து ஓரமா வைக்கலாம்னு தூக்கினா, முதுகுல ஒரு வெள்ளை. என் கண்ணுலயா படணும்? கீறலைப் பார்த்துட்டு சும்மா இருன்னா நான் எப்படிம்மா இருக்கிறது? கை தானா போயிடுச்சு."

"இத்தனை நாள் ஏங்க சொல்லல?"

"நல்லது பண்ணிட்டேன்னு நெனச்சேன்மா! நேத்து நீ, உன்கிட்ட புத்தகம் கொடுக்கிற டாக்டரம்மாகிட்ட போன்ல சொன்னியே, மை பட்டாலே போச்சுன்னு, அப்பதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது."

அக்காவுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிது. அனுப்புவதற்கு முன்னால் அந்த முதுகைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தாள். வெள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. பளிச்சென்று இருந்தது. எப்படி இல்லாமல் போகும், இவர்தான் மூடிவிட்டாரே! கறுப்புமேல் கறுப்பு வைத்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. அதற்கென்றே ஊதா டார்ச் ஒன்று வைத்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அதன் பேட்டரி தீர்ந்திருந்தது. நம்ம வீட்டுப் புத்தகம்தானே, யார் கைவைக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

வெளி ஆளுடைய புத்தகமாக இருந்தால் விட்டிருப்பாளா?

*

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வாசலில், சில்லென்ற இரும்பு பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே தம்பியின் குரல் கேட்டது.

"சட்டைப் பைல என்ன இருக்கு பெரியவரே? அதை எடுத்து வெளிய வைங்க. சாவியா? நல்லதாப் போச்சு. நேத்து ஒருத்தர் இப்படித்தான் சாவியோட நின்னுட்டார். படத்துல நெஞ்சுக்குள்ள சாவி! டாக்டரே ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டார்."

உள்ளே பெரியவர் சிரிப்பது கேட்டது. அக்காவும் வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

விளக்கு அணைந்தது. தம்பி வெளியே வந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அத்தனை வருஷமும் எங்கே வைத்திருந்தானோ!

"என்னக்கா, சாயந்தரம் வரைக்கும் பொறுக்க முடியலையா? மெசேஜ் வந்துருச்சு."

"வந்துருச்சா?" அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"நான் திறக்கல. நீதான் திறக்கணும். நீதானே கஷ்டப்பட்டே." போனை எடுத்துக் காட்டிவிட்டுப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டான். "காலைலேர்ந்து கை நமநமன்னு இருக்கு. ஆனா திறக்கலயே!"

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். தள்ளுவண்டி ஒன்று தடதடவென்று வந்தது. "இடுப்பு எலும்பு, அவசரம்!" என்று நர்ஸ் கத்தினாள். "சாயந்தரம் பேசலாம்க்கா" என்று அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

அப்பாடா என்று இருந்தது அக்காவுக்கு. அப்படி இருந்ததை நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது.

*

வீட்டுக்குத் திரும்பினால், பெயிண்டர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஹாலில் உலாத்திக்கொண்டிருந்தார். ஒரு சிவப்புக் காரின் கதவுக்கு மட்டும் வேறொரு சிவப்பை அடித்துவிட்டாராம். வண்டிக்காரர், "என்னண்ணே, ஒரு கன்னத்துல மட்டும் ரூஜ் போட்ட மாதிரி இருக்கு" என்று கேட்டிருக்கிறார்.

"சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல."

பெயிண்டருக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. என் கை வேலை யாருக்கும் தெரியாதும்மா. பெரிய பெரிய ஷோரூம்காரனே கண்டுபிடிக்க மாட்டான். கம்பெனிக்காரங்க கண்ணுலயும் படலன்னு வெச்சுக்க. மார்க் நல்லா வந்துருச்சுன்னா நாம ஏன் வாயைத் திறக்கணும்?"

"மார்க் வராட்டி?"

"அப்போ அனுப்பின இடத்துல ஏதோ கோளாறுன்னு..."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெயிண்டர் அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினார்.

"மெசேஜைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடப் போறேன்" என்றாள். "நல்லா வந்தாலும் சரி, நாசமாப் போனாலும் சரி. முன்னாடி சொன்னாத்தான் சொன்னதுக்கு மரியாதை. அப்புறம் சொன்னா அது சாக்கு."

"மறுபடி பேச்சை நிறுத்திட்டான்னா?"

 அக்கா எழுந்து போய் மேஜையைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த மேஜைதான்.

*

சாயந்தரம் தம்பி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. அதை நாற்காலியில் வைத்தான். போனை மேஜையின் நடுவில் வைத்து, அக்கா பக்கமாகத் திருப்பினான். பெயிண்டர் மூலையில் நின்றுகொண்டு, சுவரில் ஏதோ சரியில்லாததுபோல அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"ம், திற."

"கொஞ்சம் இருடா" என்றாள் அக்கா. "அந்தப் புத்தகத்துல மை பட்டிருக்கு. முதுகுல. இந்த வீட்டுலதான் பட்டுச்சு. இன்னைக்குக் காலைலதான் எனக்குத் தெரியும். நான் டார்ச் அடிச்சுப் பார்த்திருக்கணும், பார்க்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

"நான்தான் மாப்ளே" என்றார் பெயிண்டர் மூலையிலிருந்து. "அவ ஏன் தன் தலைல போட்டுக்கிறா? நான்தான் வெச்சேன். வெள்ளையா தெரிஞ்சுது, மறைச்சுட்டேன். என்ன வேணா திட்டு."

 தம்பி மேஜை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். 

"அக்கா" என்றான் கடைசியில். "பச்சை அட்டை போச்சே, அதுக்குத்தான் நான் கோபமா இருந்தேன்னு நெனச்சியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"புத்தகம் கெட்டுப்போறது சகஜம். நீ அப்பதான் கத்துக்கிட்டிருந்தே. ஆனா நீ அதை மறுபடி பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு, கழண்ட பக்கத்தை அடில வெச்சு, சிரிச்சுக்கிட்டே என் கைல கொடுத்தே பாரு. நான் வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். நீயா சொல்லுவே, சொல்லுவேன்னு காத்திருந்தேன். சொல்லவே இல்ல. அதுதான்க்கா எனக்கு ஆறல."

"பயமா இருந்துச்சுடா." அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

"இன்னைக்குச் சொல்லிட்டே இல்ல? விடு. அது எந்த நிற லேபிளா இருந்தா என்ன? திற."

 போனில் அவள் விரல் வழுக்கியது. இரண்டாம் தடவை தொட்டபோது திறந்தது. பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். போனைத் தம்பி பக்கம் தள்ளினாள்.

"நீ படிடா. எனக்குச் சரியாத் தெரியல."

"ஒன்பது..." தம்பியின் குரல் ஏறியது. "ஒன்பது புள்ளி எட்டு! சாதா லேபிள்! அக்கா, சாதா லேபிள்க்கா!"

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அந்த வீட்டில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் யார் காலை மிதித்தார்கள் என்று எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை. பெயிண்டர் மட்டும் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி, "பார்த்தியா என் கையை! பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தவங்களாலயே கண்டுபிடிக்க முடியல!" என்றார். காலையிலிருந்து பேயறைந்த மாதிரி இருந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அந்தப் பெருமை வந்ததோ.

அக்காதான் முதலில் அடங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவங்களுக்கு எழுதிச் சொல்லணும்" என்றாள்.

"எவங்களுக்கு?" என்றான் தம்பி.

"கம்பெனிக்கு. மை இருக்குன்னு. அவங்க கவனிக்கல போல. தெரிஞ்சுக்கிட்டே இந்த மார்க்கை வெச்சுக்க எனக்கு மனசு வரல."

"அடிப்பாவி!" என்றார் பெயிண்டர். தூக்கிய கைகள் தொப்பென்று விழுந்தன.

தம்பி அவளைத் தடுக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். பிறகு, வேலையில் தினமும் எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டான்:

"மாமா, புள்ளி வைக்கும்போது புத்தகத்துமேல என்ன இருந்துச்சு?"

"மேல என்ன இருக்கும்? ஒண்ணும் இல்ல. கவர் இருந்துச்சு."

"கவரைக் கழட்டிட்டுத்தானே வெச்சீங்க?"

பெயிண்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "கழட்டறதா? கவரை விட்டு எடுத்தா கையை முறிச்சிடுவேன்னு உங்கக்கா கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிட்டிருக்கா. நான் போய்க் கழட்டுவேனா? அப்படியே கவரோடதான் வெச்சேன்!"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"கவர்மேலயா?" என்றாள் அக்கா.

"ஆமா. கவரோடதானே அனுப்புவே? அதுவும் சேர்த்துத்தானே பார்ப்பாங்க?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா எந்தப் புத்தகத்தையும் பழைய கவரோடு அனுப்புவதில்லை. புதுக் கவருக்கு மாற்றித்தான் அனுப்புவாள். பழையதை உருவிப் பின்னறை மூலையில் போட்டுவிடுவாள்.

"அந்தப் பழைய கவர் எங்க இப்போ?" என்றாள்.

பெயிண்டர் திருதிருவென்று முழித்தார். பிறகு மெல்ல நடந்து, வாசலில் மாட்டியிருந்த தன் வேலைப் பையை எடுத்துவந்தார். பெயிண்ட் கலர் சாம்பிள் அட்டைகளைத் தனித்தனியாகப் போட்டுவைக்க வசதியாக இருக்கிறது என்று மூலையில் கிடந்த கவர்களை அள்ளிக்கொண்டு போயிருந்தாராம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீலம் வைத்திருந்த கவரில் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம் வைத்திருந்ததிலும் இல்லை. சிவப்பு அட்டைகள் இருந்த கவரின் ஓரத்தில், கடுகைவிடச் சின்னதாக, அழகாக, ஒரு கறுப்புப் புள்ளி.

காலையிலிருந்து அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்திருக்கிறார்!

அக்கா நகத்தால் சுரண்டினாள். கறுப்பு உதிர்ந்தது. அடியில் இருந்த வெள்ளையும் மாவு மாதிரி உதிர்ந்தது. கவர் சுத்தமாகிவிட்டது. அவள் விரல் நுனியை முகர்ந்து பார்த்தாள்.

"இது பிரைமர் வாசனை. கார்ல பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற பிரைமர்."

"அப்போ அந்த வெள்ளையும்..." என்று ஆரம்பித்த தம்பியால் முடிக்க முடியவில்லை. சிரிப்பில் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டான்.

"நீங்களே கை கழுவாம வந்து வெள்ளையை ஒட்ட வெச்சு, நீங்களே அதுக்குக் கறுப்பு அடிச்சு!" அக்கா கவரால் அவர் தோளில் ஒன்று போட்டாள். "காலைலேர்ந்து ஒரு வாய் காபி குடிச்சேனா நான்? சோறு இறங்குச்சா? என் உயிரே போயிட்டு வந்துச்சு!"

"நீ கவர்மேலயான்னு கேக்கவே இல்லயே!" என்றார் பெயிண்டர் பரிதாபமாக.

அதுவும் வாஸ்தவம்தான். காலையிலிருந்து எப்போது, எதால், ஏன் சொல்லவில்லை என்றெல்லாம் கேட்டாளே தவிர, எதன்மேல் என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. அக்கா சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகித்தான் நின்றது. இத்தனை வருஷமாகத் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கி வைத்துவிட்ட மாதிரி அவளுக்குத் தோள் இரண்டும் லேசாக இருந்தன.

மூன்று பேரும் காபி குடித்தார்கள். கிளம்புகிற நேரத்தில் தம்பி தயங்கித் தயங்கி நாற்காலியில் இருந்த பையை எடுத்தான். உள்ளேயிருந்து எடுத்து மேஜையில் வைத்தான்.

பச்சை அட்டை. நெளிந்து, பின்னை விட்டுக் கழன்ற அட்டை. அதே பழைய கவர்.

அக்கா அதைத் தொடவில்லை. "இதை ஏன்டா கொண்டுவந்தே?"

"நீ இன்னைக்கு அதைச் சொல்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டேன்க்கா. மார்க்கு கீர்க்கெல்லாம் வேணாம். அட்டை கழலாம நிக்கிற மாதிரி வெச்சு, தைரியமாப் பிரிச்சுப் படிக்கிற மாதிரி பண்ணிக்கொடு. போதும்."

"படிக்கவா? நீதான் மனப்பாடமா சொல்லுவியே."

"எனக்கு இல்ல."

"பின்னே யாருக்கு?"

எலும்புவரை பார்க்கிறவனால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒருத்தங்க கேட்டாங்க. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம்னு சொல்லித் தொலைச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றேன்க்கா" என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டான்.

"ஒருத்தங்களா?" என்றார் பெயிண்டர்.

"ஒருத்தங்களாம்" என்றாள் அக்கா.

அவள் விளக்கை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்தாள். ஊதா டார்ச்சில் புது பேட்டரி போட்டாள். பச்சை அட்டையைக் கவரிலிருந்து மெல்ல உருவினாள். கழன்ற ஓரம் வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டியது. அவள் அதை ஒளிக்காமல் மேல்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

பெயிண்டர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அக்கா பார்ப்பதைப் பார்த்தார். டச்சப் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.